வாத்தின் நடை

வாத்துக்குக் கால் சரியாகிவிட்ட செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை எனக்கு மின்னஞ்சலில் வந்தது. தலைப்பு, ‘சிறு திருத்தம்’. கீழே இரண்டே வரி. கதாநாயகி இனி சாதாரணமாக நடப்பாள், கால் தெரிகிற அறுபத்தோரு ஷாட்டும் மாற்றப்படும், பட்டியல் இணைப்பில் உள்ளது. கடைசியில் ஒரு சிரிக்கிற முகம் வேறு. எந்த மருத்துவராலும் முடியாததை எங்கள் ஸ்டுடியோ இரண்டு வரியில் செய்து முடித்துவிட்டது.

நான் அங்கே அனிமேட்டர். பாத்திரங்களை நடக்க வைப்பது என் வேலை. முகம், அழுகை, சிரிப்பு எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யாரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது கால்தான். எங்கள் தயாரிப்பாளர் குதிகாலை ஊன்றி ஊன்றி நடப்பார், தரை அவரிடம் வாடகைக்கு இருப்பது மாதிரி. இயக்குநர் எதையோ தொலைத்தவர் போல எப்போதும் கீழே பார்த்துக்கொண்டே நடப்பார். அன்று காலை நான் எப்படி நடந்து அவர்கள் அறைக்குப் போனேன் என்பதை அந்த மாடியில் இருந்த அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள்.

என் கோபம் புரிய வேண்டுமென்றால் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் படமாக்கிக்கொண்டிருந்தது ஒரு பழைய சிறுவர் நாவல். எங்கள் வயதுக்காரர்களில் அதைப் படிக்காதவர்கள் குறைவு. ஒரு ஆறு, ஒரு படகுத்துறை, பார்வை மங்கிப்போன ஓடக்காரர், ஒரு கால் குட்டையான ஒரு சிறுமி. அவள் சாய்ந்து சாய்ந்து நடப்பதால் ஊர்ப் பிள்ளைகள் வாத்து என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் மூடுபனியில் படகு நடு ஆற்றில் மாட்டிக்கொள்ளும். கரையிலிருந்து முப்பது பிள்ளைகள் கத்துவார்கள். எல்லாத் திசையிலிருந்தும் எதிரொலி வரும், கரை எந்தப் பக்கம் என்று ஓடக்காரருக்குத் தெரியாது. அப்போது துறையின் பலகைமேல் ஒரு காலடி கேட்கும். ஒரு அடி ஊன்றி, ஒரு அடி இழுத்து. ‘அது வாத்து, அவள் நிற்பதுதான் கரை’ என்று துடுப்பைத் திருப்புவார். படகு வந்து சேரும்வரை அவள் அந்தப் பலகையில் நடந்துகொண்டே இருப்பாள். அவ்வளவுதான் கதை. அந்தக் காலை எடுத்துவிட்டால் படகு கரைக்கு வராது.

என் அக்காவுக்கும் வலது கால் இரண்டு விரற்கடை குட்டை. நாலு வயதில் வந்த காய்ச்சல் விட்டுப்போனது. பள்ளியில் அவளுக்கும் வாத்து என்றுதான் பெயர், அந்தப் புத்தகத்தைப் படித்த பிள்ளைகள் வைத்தது. முதல் பத்துப் பக்கத்தோடு நிறுத்திய பிள்ளைகளாக இருக்கும். அக்கா கடைசிவரை படித்தாள். பிறகு எனக்குப் படித்துக் காட்டினாள், அட்டை கிழிந்து போகிற அளவுக்கு. மூடுபனி அத்தியாயம் வந்தால் தரையில் நடந்தே காட்டுவாள்.

வளர்ந்த பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டாள். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. எல்லோருக்கும் அரை மணி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள், எல்லோரும் போன பிறகுதான் எழுந்திருப்பாள். அவள் கல்யாண வீடியோவில் தொடக்கம் முதல் முடிவு வரை உட்கார்ந்தே இருக்கிறாள். அவளைக் கட்டிய மாமா ஒருமுறை விளையாட்டாகச் சொன்னார், நாற்காலியைத்தான் கல்யாணம் செய்துகொண்டோமோ என்று சந்தேகமாக இருந்ததாம். அக்கா சிரித்தாள். ஆனால் அந்த வீடியோவை மறுபடி போடவே இல்லை.

இந்தப் படம் என் கைக்கு வந்ததும் நான் அவளிடம்தான் ஓடினேன். எனக்கு நடந்து காட்டு, அதைப் பார்த்து வரைகிறேன் என்றேன். ஒரு மாதம் முடியாது என்றாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். அவள் வீட்டு நடைவழியில், போனைத் தரையில் சாய்த்து வைத்துக்கொண்டு நான் குப்புறப் படுத்திருக்க, நாற்பத்து மூன்று முறை நடந்தாள். சாதாரணமாக ஒரு குழந்தையின் நடைக்கு ஒரு அடிக்குப் பன்னிரண்டு படம் வரைவோம். அக்காவுக்கு இடது அடிக்குப் பத்து, வலது அடிக்குப் பதினேழு. உடம்பு அப்படிச் சாய்ந்தாலும் தலை ஆடாது. அவளோடு இத்தனை வருடம் இருந்தும் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “சிரிக்கிற மாதிரி போட்டுடாதடி. அழுவுற மாதிரியும் போட்டுடாத. நடக்கிற மாதிரி போடு.”

“ஒரு படம்கூட மாத்த மாட்டேன்க்கா,” என்றேன்.

நாலு மாதம் அந்த நடையை வரைந்தேன். அதற்குள் அக்கா ஒரு காரியம் செய்திருந்தாள். பதினோரு வருடம் தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள், அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். வரப்போகிற படத்தில் அந்தப் பெண் நடப்பது என் நடை, என் தங்கைதான் வரைகிறாள் என்று. முதல் நாள் காலைக் காட்சிக்கு எல்லோரையும் கூட்டிப் போவதாகவும் சொல்லிவிட்டாள்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை தயாரிப்பாளர் முன்னால் நின்றேன்.

“குழந்தைங்க பாக்குற படம்மா இது,” என்றார் அவர். “ஒரு சின்னப் பொண்ணு படம் பூரா நொண்டிக்கிட்டே வந்தா பாக்குறவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?”

“யாருக்கு சார் கஷ்டம்?”

“எல்லாருக்கும்தான். அந்த மாதிரி கால் இருக்கிற பிள்ளைங்க வந்து பாத்தா புண்படும்ல. அதையும் யோசிக்கணும்ல.”

“அந்தப் பிள்ளைங்க வீட்ல கண்ணாடியே பாக்க மாட்டாங்களா சார்?”

நான் இயக்குநர் பக்கம் திரும்பினேன். மூடுபனி அத்தியாயத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் தூங்கவில்லை என்று பேட்டிக்குப் பேட்டி சொன்ன மனிதர். இப்போது தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“நீங்க சொல்லுங்க சார். கால் நேரா இருந்தா ஓடக்காரர் அவள எப்படிக் கண்டுபிடிப்பாரு? அவளுக்கு ஏன் வாத்துன்னு பேரு?”

“அதுக்கும் வழி பண்ணிட்டோம்,” என்றார் தயாரிப்பாளர் முந்திக்கொண்டு. “அவ ஒரு வாத்து வளக்குறா. மஞ்சள் துண்டு கட்டின வாத்து. பேசும். பனியில அது கத்தும், அத வச்சுக் கண்டுபிடிச்சிடுவாரு.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேசையில் அந்த வாத்தின் பஞ்சு பொம்மையே இருந்தது. எனக்குச் சொல்வதற்கு முன்னாலேயே பொம்மைக்காரருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

“அப்ப அந்தப் பொண்ணு எதுக்கு? வாத்தையே நடிக்க வச்சிடுங்களேன்,” என்றேன். குரல் எகிறிவிட்டது. “எழுதினவர் செத்துப் போயிட்டாரு, வந்து கேக்க மாட்டாருன்னுதான இந்தத் துணிச்சல்? அந்தக் கால் உங்கள என்ன பண்ணுச்சு?”

“சில விஷயம் புத்தகத்துல நல்லா இருக்கும்மா,” என்றார் இயக்குநர் கோப்பையைப் பார்த்தே. “திரையில வேற மாதிரி.”

இப்படி வழவழவென்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முகத்துக்கு நேரே ‘எங்களுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை’ என்று சொல்லியிருந்தால்கூட மதித்திருப்பேன்.

மாற்று நடைக்கு அவர்கள் வெளியே போகவில்லை. எங்கள் சேமிப்பில் ‘சிறுமி நடை 4’ என்று ஒன்று கிடந்தது. மூன்று வருடம் முன்பு ஒரு பற்பசை விளம்பரத்துக்காகச் செய்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டு துள்ளித் துள்ளிப் போவாள். செய்தவளும் நான்தான். பக்கத்து மேசைக்காரர் அதை எடுத்து அறுபத்தோரு ஷாட்டிலும் ஒட்டினார். என் நாலு மாதத்தை அழிக்க அவருக்கு இரண்டரை நாள் ஆனது.

வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கடிதம் மூன்று முறை எழுதினேன். உள்ளே இருந்தால் நாலு ஷாட்டையாவது காப்பாற்றலாம் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். ஒன்றைக்கூடக் காப்பாற்றவில்லை.

அக்காவிடம் சொல்ல மூன்று முறை போனேன். முதல் தடவை யார் யார் வருகிறார்கள் என்று பட்டியல் காட்டினாள், பதினெட்டுப் பேர். இரண்டாம் தடவை தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க இடம் பிடித்துவிட்டதாகச் சொன்னாள். மூன்றாம் தடவை கதவைத் திறந்தபடியே, “மேனேஜர்கூட வர்றாருடி, அவர் பொண்ணோட,” என்றாள். ஒவ்வொரு தடவையும் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டுத் திரும்பினேன். தயாரிப்பாளர்மேல் இருந்த கோபத்தில் பாதி என் பக்கம் திரும்பிவிட்டது. அவர்களாவது யாரோ ஒரு பெண்ணின் காலை மாற்றினார்கள். நான் கூடப் பிறந்தவளின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

முதல் நாள் காலைக் காட்சி. அக்கா வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் வந்து வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில். விளக்கு அணைந்தது. முதல் காட்சியிலேயே சிறுமி மேட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கி வருவாள். இறங்கினாள், துள்ளித் துள்ளி. பின்னால் மஞ்சள் துண்டு கட்டிய வாத்து.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில் யாரோ மெதுவாக, “எந்தப் பொண்ணு, இதுவா?” என்று கேட்பது கேட்டது. மேனேஜர் தொண்டையைச் செருமினார். அக்கா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தாள்.

மூடுபனி வந்தது. திரை முழுக்க வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகளின் கத்தல் எதிரொலித்து அடங்கியது. பிறகு அந்தச் சத்தம்.

டொக். சர்ர்ர். டொக். சர்ர்ர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் படங்களுக்குக் காலடிச் சத்தம் போடுகிறவர் அக்காவின் வீடியோவை என்னிடம் வாங்கி, நாள் கணக்கில் கேட்டுக் கேட்டு, பலகைமேல் தானே இழுத்து நடந்து பதிவு செய்தது அது. முட்டி வலிக்கிறது என்று என்னைத் திட்டக்கூடச் செய்தார். திருத்தப் பட்டியல் கால் தெரிகிற ஷாட்டுகளுக்கு மட்டும்தான் போட்டார்கள். அவற்றுக்குச் சத்தமும் புதிதாகப் போட்டார்கள். மூடுபனியில் கால் தெரியாது, அதனால் அது பட்டியலில் இல்லை. கண்ணால் பார்த்தே பழகியவர்கள், யாரும் காதால் பார்க்கவில்லை. நானும்தான்.

நாற்பது நொடி. அரங்கில் ஒரு பிள்ளைகூடப் பேசவில்லை. அக்காவின் கை பையிலிருந்து விலகி நாற்காலியின் பிடிமேல் இருந்தது.

பிறகு வாத்து கத்தியது. “அட, இது நம்ம வாத்துக் குரலாச்சே,” என்றார் திரையில் ஓடக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். பனி விலகியது. பற்பசைப் பெண் துள்ளிக்கொண்டு வந்தாள்.

அக்கா எழுந்தாள். கூட்டம் கலையும்வரை எங்கேயும் எழுந்திருக்காதவள், படம் ஓடும்போது எழுந்து, அத்தனை பேர் முட்டிகளையும் தாண்டி, நடுப்பாதை வழியாக வாசலுக்கு நடந்தாள். அவசரப்படவில்லை. திரை வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. இடதுக்குப் பத்து, வலதுக்குப் பதினேழு. மேலே வாத்து பாட ஆரம்பித்திருந்தது.

வெளிக்கூடத்தில், ஆள் உயர அட்டை வாத்துக்குப் பக்கத்தில் நின்றாள். நான் ஓடிப்போய் நின்றேன்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“ஆறு வாரமா.”

“ஆறு வாரம்,” என்றாள். “மூணு தடவ வீட்டுக்கு வந்த. சாப்பிட்டுட்டுப் போன.”

அதற்குள் அலுவலகத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் அலுவலகத்து அட்டெண்டர் அம்மா மட்டும் நேரே அக்காவிடம் வந்தார்.

“மேடம், பனிக்குள்ள கேட்டுச்சே, அது நீங்கதான?”

அக்கா நிமிர்ந்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தினம் கேக்குறதுதான மேடம். நீங்க மாடியேறி வர்ற சத்தம் கேட்டாத்தான் நான் ஜன்னல் தொறக்கவே எழுந்திரிப்பேன்.”

யாரும் பார்க்கக்கூடாதென்று பதினோரு வருடம் அரை மணி முன்னால் போயிருக்கிறாள். அக்கா என் பக்கம் திரும்பி, “சத்தத்த மட்டும் எப்படி விட்டுவச்சாங்க?” என்று கேட்டாள்.

“பனியில கால் தெரியாதுக்கா. அதனால பட்டியல்ல வரல. மறந்துட்டாங்க.”

“கால் தெரியாத எடத்துல மட்டும் நான் இருந்துக்கலாம்,” என்றாள். “ஆபீஸ்ல நானும் அப்படித்தான் இருந்தேன். அது நானா பண்ணிக்கிட்டது. இத நீ ஏன்டி எனக்குப் பண்ணின?”

அட்டை வாத்தை ஓங்கி ஒரு உதை விட்டேன். அது சிரித்துக்கொண்டே மல்லாந்தது. அக்கா அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். “இத அங்க பண்ணிருக்கணும்,” என்றாள்.

பிறகு தன் அலுவலகத்துக்காரர்களைப் பார்த்து, “வாங்க, போலாம்,” என்றாள். வழக்கமாக அவர்களை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் அவள் கிளம்புவாள். அன்று அவளே முதலில் படியிறங்கினாள், சாலையின் நடுப்பகல் வெளிச்சத்தில். மேனேஜர், அவர் பெண், அட்டெண்டர் அம்மா, மற்றவர்கள் எல்லோரும் அவள் வேகத்துக்குத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னால் போனார்கள். நானும் ஒரு படி இறங்கினேன்.

“நீ வராத,” என்றாள், திரும்பாமலே. என் காலடியும் அவளுக்குத் தெரியும்.