கூலண்ட் திருடன்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. டயர் மாற்றப் போன ஒர்க்‌ஷாப்பில், ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து, காதில் வாங்கியது. பள்ளிக்கூடம் அதிகம் போனவனில்லை நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

2

மாலை வெயில் பானெட்டின் மேல் பொன்னாக உருகி...

(வேண்டாம். பானெட்டின் மேல் கிடந்தது சங்கிலியும் பூட்டும்.)

பூட்டியவர் ஒர்க்‌ஷாப்காரரின் மாமனார், வாடகைக் கார் ஓட்டுகிறவர். இரவில் வண்டி மாப்பிள்ளையின் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். காலையில் பார்த்தால் எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர், அதாவது கூலண்ட், குறைந்திருக்கும். அடியில் செய்தித்தாள் விரித்தார். ஒரு சொட்டு ஈரமில்லை. ஒழுகவில்லையென்றால் எவனோ எடுக்கிறான்!

மாலையில் பார்த்திருந்தால் பகல் ஓட்டத்திலேயே குறைவது தெரிந்திருக்கும். ஆனால், “சூடா இருக்கும்போது மூடியைத் திறக்காதீங்க மாமா” என்று மாப்பிள்ளை சொல்லிவைத்திருந்தார். ஏன் திறக்காதே என்கிறான்? எடுப்பவன் இவன்தான் என்று அதையே பிடித்துக்கொண்டார்.*

* மிகைப்படுத்துகிறேன் என்பவர்களுக்கு: பூட்டை நானே இழுத்துப் பார்த்தேன்.

3

நான் போயிருந்த அன்று நடுவழியில் சூடு முள் சிவப்பைத் தொட்டு, வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். நன்றாக ஆறியதும் மாமனார் பூட்டைத் திறக்க, மாப்பிள்ளை ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டார். தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது.

“கொதிக்குது” என்றார் மாமனார்.

“விரலை விட்டுப் பாருங்க.”

விட்டார். ஜில்லென்றிருந்தது.

“காத்தையும் தண்ணியையும் பிரிச்சு வைக்கற ஹெட் கேஸ்கெட் போச்சு மாமா. எஞ்சின் காத்து தண்ணிக்குள்ள வருது. தண்ணி உள்ள போய் வெள்ளைப் புகையா போகுது. எஞ்சினைப் பிரிக்கணும்.”

“பிரிச்சுட்டா நீ வச்சதுதானே சட்டம்!”

“அப்பா, ஊரையே நம்பி வண்டில ஏத்திட்டுப் போறீங்க. இவரை மட்டும் திருடன்ங்கறீங்க” என்றாள் பக்கத்தில் நின்ற மகள். “வண்டியை இப்படியே வெளியே எடுத்தீங்கன்னா, அப்புறம் எங்க வீட்டுக்கு வராதீங்க.”

மாப்பிள்ளை எஞ்சினை அணைத்து, சாவியை மாமனார் கையிலேயே வைத்தார். “உங்க வண்டி. உங்க இஷ்டம்.”

(இவ்வளவு நல்லவனா ஒரு மெக்கானிக்? எனக்கும் உறுத்துகிறது. ஆனால் கொடுத்தான், பார்த்தேன்.)

4

முடிவு ஒன்று: ஓட்டிக்கொண்டு போகிறார். அடுத்த திருப்பத்தில் எஞ்சின் இறுகிப் போகிறது. நீதிக் கதை மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து... சீ.

உண்மையில் என்ன ஆயிற்று? “பெரியவரே, உங்க டயர் ரெடி” என்றார்கள். வந்துவிட்டேன்.

சாவி அவர் கையில். மகள் அவர் முகத்தையே பார்த்தபடி நிற்கிறாள். அவர் சாவியை மாப்பிள்ளையிடம் திருப்பித் தருவதாக நீங்கள் எழுதினால் நான் நம்பமாட்டேன்.

இருந்தாலும் எழுதுங்கள்.