கர்னல் கடிதத்துக்கு ஒரு பொட்டு

நாராயணப்பன் கெட்ட மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சூளகிரியில் அலுமினிய வார்ப்புத் தொழிற்சாலை நடத்துகிறவர், துப்புரவு செய்யும் பெண்ணைக்கூட "வாங்கம்மா" என்று கூப்பிடுகிறவர். ஆனால் வசதி வந்தவர்களுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கத்தானே வேண்டும்? சிலருக்கு நாய், சிலருக்குப் பழைய கார். அவருக்குப் போர்க்காலக் கடிதங்கள். அதிலும் சிப்பாய் எழுதியது ஆகாது. சண்டை நடக்கும்போது படையை நடத்தியவர்கள் தங்கள் கைப்பட எழுதியதாக இருக்க வேண்டும். மேஜர், கர்னல், பிரிகேடியர் என்று எந்த மூலையில் யார் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் மோப்பம் பிடித்துப் போய் நிற்பார். அப்படிச் சேர்த்ததையெல்லாம் வைக்கத் தொழிற்சாலைக்குள்ளேயே ஏ.சி. போட்ட ஒரு கூடம் கட்டினார்.

அந்தப் பைத்தியம் உத்தனப்பள்ளியில் ஜோதிமணியின் வீட்டுக்கு வந்தது அவள் மகள் ஹரிணியால்தான். ஹரிணிக்கு அந்தத் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் வேலை. எங்கள் வீட்டிலும் அப்பாவின் கர்னல் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது என்று கேன்டீனில் வாயை விட்டுவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கார் வந்து நின்றது.

கொத்தமல்லிக் கட்டுகளைச் சந்தைக்கு ஏற்றிவிட்டு அப்போதுதான் கை கழுவியிருந்தாள் ஜோதிமணி. நாராயணப்பன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஆங்கிலத்தில் இருந்ததை அவளுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கார்கில் மலையில் அடிபட்ட ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது உன் கணவன் கோவிந்தப்பன் சுடப்பட்டு இறந்தான், அவன் தூக்கி வந்தவன் இன்று உயிரோடு இருக்கிறான் என்று கர்னல் எழுதியிருந்தார். இதை எழுதிய சில நாளில் கர்னலும் அதே மலையில் போய்விட்டார். கடைசி வரிக்கு வந்தபோது நாராயணப்பனுக்குக் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜோதிமணிக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

"ஓரத்துல என்னாம்மா இது, செவப்பா?" என்று கேட்டார்.

"பொட்டுங்க சார். வருசா வருசம் ஆயுத பூசைக்கு வெக்கறது."

அவர் தலையாட்டினார். கேட்டது காதில் விழுந்ததே தவிர மனதில் விழவில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அந்தப் பொட்டுக்கு ஒரு கதை உண்டு. கோவிந்தப்பன் போன பிறகு வந்த முதல் ஆயுத பூசை. ஹரிணி தவழ்ந்துகொண்டிருந்தாள். ஊரே ஏர், டிராக்டர், சைக்கிள், அரிவாள்மணை என்று கழுவிக் கவிழ்த்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது. இவள் புருசனின் ஆயுதம் துப்பாக்கி. அது சர்க்கார் சொத்து, திரும்பி வராது. ஜோதிமணி போய்ப் பெட்டியைத் திறந்து கர்னல் கடிதத்தை எடுத்து வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து, குங்குமக் கிண்ணத்தில் கை வைத்தாள். மாமியார் மாரம்மா பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"தாலி எறக்குனவ குங்குமத்தத் தொடலாமாடீ?"

"நெத்திக்குத்தான வேணாம்னீங்க. கடுதாசிக்கு வேணாம்னு யாரும் சொல்லலியே" என்றாள் ஜோதிமணி. சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமத்தை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு ஒரு வருசமும் தவறவில்லை. இடது ஓரம் நிறைந்து, பொட்டுகள் வலது ஓரத்தில் இறங்க ஆரம்பித்தன. மாரம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் ஜோதிமணியின் நெற்றி வெறும் நெற்றியாகவே இருந்தது. ஊர் வாய்க்கு முன்னால் அந்த அளவுக்கு அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. நெற்றியில் தோற்றதையெல்லாம் அவள் காகிதத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் முன், புதுக் கூடத்தில் வைக்கப்போகும் கண்காட்சிக்காகக் கடிதத்தை இரவலாகத் தருமாறு நாராயணப்பன் கேட்டார்.

"தர்றேங்க சார். ஆயுத பூசைக்கு மட்டும் அது என் கைக்கு வந்தாவணும்."

"அன்னிக்குத்தாம்மா தெறப்பு விழாவே. நீங்களே வாங்க. கம்பெனியிலயே பூசை பண்ணிக்கலாம்."

பேச்சு சுத்தமாகத்தான் இருந்தது.

ஆயுத பூசை அன்று தொழிற்சாலை மண்டபம் மாதிரி இருந்தது. வாழைமரம், மாவிலை, காகிதத் தோரணம். தொழிலாளிகள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பூசைத் தட்டை நாராயணப்பனே ஏந்திக்கொண்டு போய் வார்ப்பு மெஷின், ஃபோர்க்லிஃப்ட், கம்ப்யூட்டர், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் தன் கையால் பொட்டு வைத்தார். அதைப் பார்க்க ஜோதிமணிக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. நம் கடுதாசிக்கும் இப்படித்தான் மரியாதை நடக்கப்போகிறது என்று நினைத்தபடியே கூடத்துக்குள் போனாள்.

நடுச்சுவரில் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கடிதம் இருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. சட்டம் மாறிவிட்டதோ என்று பக்கத்தில் போய்ப் பார்த்தாள். கர்னல் கையெழுத்தேதான். ஓரத்தில் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை. உற்றுப் பார்த்தால் ரோஜா நிறத்தில் ஏதோ ஒரு சாயல். கீழே பித்தளைத் தகட்டில் கர்னலின் பெயரும், அவர் எழுதிய கடைசிக் கடிதம் என்பதும். கோவிந்தப்பன் பெயர் தகட்டில் எங்கேயும் இல்லை.

ஜோதிமணி அந்த ஓரத்தைக் கண்ணாடிமேல் விரலால் தடவிப் பார்த்தாள்.

நாராயணப்பன் பூரிப்போடு வந்தார். கையில் இன்னும் பூசைத் தட்டு. "பாத்தீங்களாம்மா? பெங்களூருல இதுக்குன்னே ஆளு இருக்காங்க. ஒரு எழுத்துகூட கலையாம அழுக்கு முழுக்க எடுத்துட்டாங்க."

"எந்த அழுக்குங்க?"

"அதாம்மா, அந்தக் குங்குமக் கறை."

ஹரிணி அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். வேலை போய்விடுமே என்ற பயம் அவள் விரலில் தெரிந்தது. ஜோதிமணி கையை விடுவித்துக்கொண்டாள்.

"உங்க மெஷினுக்கு இப்பத்தான் பொட்டு வெச்சிட்டு வந்தீங்க. அது பூசை. நான் வெச்சா கறையா?"

"அதுவும் இதுவும் ஒண்ணாம்மா? இது சரித்திரம். இது ஒரு மாவீரன் கையெழுத்து. இன்னும் நூறு வருசம் நிக்கணும்."

"அவரு மாவீரருதாங்க, கும்புடறேன். ஆனா அவரு யாருக்கு எழுதினாரு? எனக்கு எழுதினாரு. எழுதினது அவரு, இத்தன வருசம் வெச்சிக் காப்பாத்தினது நானு. நான் பட்ட பாடெல்லாம் அந்த ஓரத்துலதான் இருந்திச்சி. அதத் தொடச்சிப்போட்டுட்டு சரித்திரம்னு சொன்னா எப்பிடிங்க? கழட்டிக் குடுங்க."

நாராயணப்பன் முகம் சிவந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். "கண்காட்சி முடியட்டும்மா. இது உங்க ஒருத்தர் சொத்து இல்ல. இப்ப இது நாட்டுக்கே சொந்தம்."

"நாட்டுக்குக் குடுக்க வேண்டியத நான் அன்னிக்கே குடுத்துட்டேன்" என்றாள் ஜோதிமணி. "இது மிச்சம்."

ஹரிணி நடந்து போய் ஆணியிலிருந்து சட்டத்தை இறக்கினாள். மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். பெத்த மகள் தன் பக்கம் நிற்கிறாள் என்பதைப் பார்த்ததும் ஜோதிமணிக்குப் பாதி கோபம் பெருமையாக மாறிவிட்டது.

"ஹரிணி, கேட் பாஸ் இல்லாம இங்கேருந்து ஒரு ஆணிகூட வெளிய போவாது. தெரியுமில்ல?" என்றார் நாராயணப்பன். முதன்முறையாக அவர் குரலில் முதலாளி வந்தார்.

"தெரியும் சார்" என்று சொல்லிக் கடிதத்தை அம்மாவிடம் நீட்டினாள் ஹரிணி.

ஜோதிமணி அவர் கையில் இருந்த தட்டிலேயே விரலை விட்டாள். முதலில் சந்தனம், பிறகு குங்குமம். இடது ஓரத்தில், தன் முதல் பொட்டு இருந்த அதே இடத்தில், அன்று மாமியார் கையைப் பிடித்தபோது அழுத்தியதைவிடப் பலமாக அழுத்தினாள்.

"ஐயோ, ஒரிஜினல்மா!" என்று அலறினார் அவர்.

"இப்பத்தாங்க ஒரிஜினலு."

விரல் நுனியில் இன்னும் சிவப்பு மிச்சம் இருந்தது. எதில் துடைப்பது என்று பார்த்தாள். முந்தானை இருந்தது, மேசைத் துணி இருந்தது. கூட்டத்தில், தொழிலாளிகளோடு வந்திருந்த உத்தனப்பள்ளிப் பெண்கள் இரண்டு மூன்று பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு ஊர் முழுக்கப் பேச்சு இதுவாகத்தான் இருக்கும். பேசட்டும். ஜோதிமணி விரலைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துத் தேய்த்தாள்.

அம்மாவும் மகளும் வெளியே வந்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்த சிதறல். அதைத் தாண்டி கேட்டுக்கு வந்தபோது காவலாளி கரீம் தடுப்புக் கம்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஹரிணி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளைத் தெரிந்தவர்.

"கையில இன்னாக்கா? கேட் பாஸ் இருக்குதா?"

"எங்கூட்டு ஆயுதம்ணா. இதுக்கு எவன் குடுக்கறது பாஸு?" என்றாள் ஜோதிமணி.

கரீம் கடிதத்தில் ஈரம் காயாத பொட்டைப் பார்த்தார். பிறகு அவள் நெற்றியைப் பார்த்தார். கூண்டுக்குள் இன்டர்காம் அடிக்க ஆரம்பித்தது. கூடத்திலிருந்துதான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கரீம் அதைத் திரும்பிப் பார்க்காமல் கம்பைத் தூக்கினார்.