ஊதாக் கையுறை

நீலச்சாயம் ஏறிய ஒரு நூல்கண்டு வேரின் செல்லுக்குள் சுருண்டு கிடக்கிறது, மைக்ராஸ்கோப்பின் லென்ஸைக் கொஞ்சம் திருகினால் இழை இழையாகப் பிரிகிறது, பூஞ்சைதான், ஆர்க்கிட் வேருக்குள் புகுந்த பூஞ்சை, புகுந்ததா அழைத்து வந்ததா என்று செங்கமலம் கேட்பாள், வெதை வெறும் தூசிதான்க்கா, கட்டுச்சோறுகூட இல்லாம கெளம்பி வந்துருது, இவன் வந்து ஊட்டுனாத்தான் மொளைக்கும், அப்போ வெத்தல பாக்கு வெச்சு அழைக்காமயா இருக்கும், என்று சிரிப்பாள், மலைமேலிருந்து தினம் முதல் பஸ்ஸில் ஆய்வகத்துக்கு வரும் உதவியாளர் அவள், நான் சீனியர், பட்டம் வாங்க இன்னும் ஒரு மாதம், அந்த ஆர்க்கிட் எங்களுக்குத் தெரிந்து ஒரே ஒரு பலாமரத்தில்தான் இருந்தது, சாலைக்காக மரத்தை வெட்டிய அன்று ஓடிப்போய் கிளையோடு வேரை வாங்கி வந்தாள், வேரைக் கீறி, ஊசிமுனையில் ஒவ்வொரு சுருளாக எடுத்து மூன்று கண்ணாடித் தட்டில் வைத்தாள், பூஞ்சை வளர்ந்தால் விதையோடு சேர்க்கலாம், அதை உள்ளே விடும்போது விதையின் எதிர்ப்பு மரபணுக்கள் எப்படி அடங்குகின்றன, சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன என்று பார்க்கலாம், அதை வளர்த்துக் காட்டு, உன்னைப் பிஎச்டிக்குச் சேர்த்துக்கொள்கிறேன் என்று பேராசிரியர் ஞானப்பிரகாசம் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை, தட்டுகளை இதமான சூட்டில் வளர்க்கும் இன்குபேட்டரைத் துடைக்கும் முறை என்னுடையது, மூன்று தட்டில் இரண்டு வெறுமையாக இருந்தன, மூன்றாவதில் சாம்பல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது, எங்கிருந்தோ விழுந்த பூசணம் என்று நினைத்தேன், நினைத்தேனா, பார்க்கவே இல்லை, ஊருக்குப் போகும் அவசரம், பெயர்ச்சீட்டைக்கூடப் படிக்காமல் அந்தத் தட்டைக் குப்பைப் பையில் போட்டு, கிருமி சாக நீராவியில் அவிக்கும் ஆட்டோகிளேவில் வேகவைத்துவிட்டேன், எறிந்தவர் கையெழுத்துப் போட வேண்டிய நோட்டு அங்கேயே தொங்குகிறது, அதிலும் போடவில்லை, திங்கட்கிழமை அவள் இன்குபேட்டரைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வளந்துச்சு சார், நானே கண்ணால பாத்தேன், என்றாள், பாத்தேன்னா எங்கம்மா, றெக்கை மொளைச்சுப் பறந்துருச்சா, என்று அவர் கத்தினார், மரமும் போச்சு, இனி எங்க போயி வேர் எடுப்பே, அவள் என்னைப் பார்த்தாள், ஒரு தடவைதான் பார்த்தாள், நான் குனிந்து காலிக் குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தேன், வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன், ஒரு மாதம், பட்டம், வேலை, அவ்வளவுதான், அதற்காகத்தான், நாளையிலிருந்து வராதே என்று அவர் சொன்னபோதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன், அதற்கு மட்டும் வெட்கமில்லை எனக்கு, ஜன்னல் வழியாக ஒரு சின்னப் பெட்டியை நீட்டினாள், அந்த வேர்ல போட்ட ஸ்லைடு அக்கா, நீங்களே வெச்சுக்கங்க, என்றாள், பஸ் நகரும்போது, குப்பைப் பையில தட்டு கெடந்துச்சுக்கா, கூடவே ஊதாக் கையுறையும், என்றாள், வெள்ளைக் கையுறை தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் அங்கே ஊதா போட்டவள் நான் ஒருத்திதான், அப்போ ஏன் சொல்லல என்று கேட்கிறேன், கேட்டேனா, இப்போது நினைத்து நினைத்துக் கேட்டுக்கொள்கிறேனா, நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்க்கா, அது மட்டும் காதில் நன்றாக விழுந்தது.

பதினேழு வருஷம், நானும் பேராசிரியை ஆகிவிட்டேன், வருஷா வருஷம் அந்த ஸ்லைடைத்தான் காட்டுகிறேன், இவ்ளோ சுத்தமா யார் மேடம் பண்ணாங்க, என்று முன்வரிசை மாணவி கேட்கிறாள், யாரோ பழைய ஸ்டூடண்ட், என்கிறது என் வாய், சீ, இன்னுமா, மாணவி ஸ்லைடைப் பக்கத்துச் செல்லுக்கு நகர்த்துகிறாள், இங்க சுருளைக் காணோம் மேடம், கட்டியா இருக்கு, என்கிறாள், செடி தின்னுருச்சும்மா, ஊட்டினதையே தின்னுரும், என்கிறேன், ஓரத்துல செங்கமலம்னு பென்சில்ல இருக்கே, என்கிறாள், ஆமா, செங்கமலம்தான், அவ வளர்த்த தட்டைத் தூக்கி எறிஞ்சது நான், சொல்லாம இருந்ததும் நான்தான், என்கிறேன், மாணவி பேனாவைத் திறந்தபடி கேட்கிறாள், இது பரீட்சைக்கு வருமா மேடம், நான் லென்ஸில் குனிகிறேன், இழை ஒன்றுகூடப் பிரியவில்லை, ஒரு நீலக் கட்டி மட்டும் அப்படியே கிடக்கிறது.