நாற்பத்திரண்டாவது எண்

டாங்கிகளை விற்ற நாட்டிலிருந்து கடிதம் வராத அந்த மாதம் முதல் தேதி, காலை பத்து மணிக்கு, ராணுவப் பட்டறையில் நின்ற நாற்பத்தொரு டாங்கிகளும் ஒரே சமயத்தில் மூடியைச் சாத்திக்கொண்டன. நாற்பதில் ஆளில்லை. ஏழாம் எண் டாங்கிக்குள் மட்டும் மெக்கானிக் ஒருவர், எல்லோரும் ஸ்பானர் என்று கூப்பிடும் மனிதர், எண்ணெய்த் துணியோடு குனிந்திருந்தார். அவர் மனைவி அதே பட்டறையில் டாங்கிகளுக்குக் கித்தான் உறை தைப்பவள். சத்தம் கேட்டு அவள் தையல் மெஷினை விட்டு ஓடிவந்தபோது, மூடி இருந்த இடத்தில் ஒரு கோடுகூட இல்லை.

கடிதம் என்பது ஒரே ஒரு தாள்தான். மாதாமாதம் கடல் கடந்து வரும். தளபதி அதை முற்றத்தில் நின்று எண் எண்ணாக வாசிப்பார். தன் எண்ணைக் கேட்ட டாங்கி அந்த மாதம் முழுக்க ஓடும். முப்பத்தொரு பக்க ஒப்பந்தத்தில் இதெல்லாம் எழுதித்தான் இருந்தது, படித்தவர்தான் யாருமில்லை. இலவசமாகப் பெயிண்ட் அடித்துத் தருகிறோம் என்றதும் மேலிடத்தில் வாயெல்லாம் பல். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பட்டறையின் சொந்தக் கடைசல் மெஷின்களை இனி எதற்கு என்று பழைய இரும்புக்குப் போட்டதும் அந்த வாரம்தான். இப்போது விற்றவர்களுக்குக் கோபம். எல்லைக்கு அந்தப் பக்கத்து நாடும் அவர்களிடம்தான் வாங்குகிறது. அதைப் பார்த்து உங்கள் டாங்கிகள் எப்படிப் பீரங்கிக் குழாயைத் திருப்பலாம் என்று கேட்டார்கள்.

வெல்டர் கேஸ் கட்டரைப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். இரும்பைத் தொட்டதும் நெருப்பு குளிர்ந்துபோயிற்று. கையை நீட்டிப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. "இது நம்ம பேச்சைக் கேக்காதும்மா" என்று சொல்லிவிட்டு ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அவள் பீரங்கியின் வாயில் தன் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இருக்கீங்களா?"

"எங்க போகப் போறேன்? பசிக்குது."

பீரங்கிக் குழாயின் அளவுக்கு ஒரு நீளப் பை தைத்து, சோற்றை அடைத்து, குழாய் துடைக்கும் கோலால் உள்ளே தள்ளினாள். ஒன்பது வருஷம், மூன்று வேளையும். தங்கை கல்யாணத்துக்குக்கூட அவள் ஊருக்குப் போகவில்லை. போனால் மதியச் சோற்றை யார் தள்ளுவது? அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் பேசப் பழகியதும், வாய்ப்பாடு ஒப்பித்ததும், பரீட்சையில் தோற்று அழுததும் அந்தக் குழாய் வழியாகத்தான். உள்ளே இருப்பவர் அடைபட்டிருந்தார் என்றால் வெளியே இருப்பவள் மட்டும் என்ன வாழ்ந்தாளாம்! மூன்று தளபதிகள் மாறினார்கள். மூவரும் பேச்சுவார்த்தை நடக்கிறது என்றார்கள். "அது நடக்கட்டும் சார், என் வீட்டுக்காரர் எப்ப நடப்பாரு?" என்று மூன்றாமவரிடம் கேட்டேவிட்டாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பத்தாம் வருஷம் கோபம் தணிந்து கடிதம் வந்தது. தளபதி வாசிக்க வாசிக்க மூடிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஏழாம் எண்ணிலிருந்து நரைத்த தாடியோடு ஸ்பானர் எழுந்து, மூடியின் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

"இறங்கி வாங்களேன். எல்லாரும் பாக்கிறாங்க."

"முடியலியேம்மா. என் எண்ணைப் படிக்கலியே."

அதைக் கேட்டுச் சிரித்தவர்களே வந்து இழுத்துப் பார்த்தார்கள். ஆறு பேர் இழுத்தார்கள், பிறகு கிரேன் வந்தது. மனிதர் அசையவில்லை. அவள் ஏறிப்போய்க் கன்னத்தைத் தொட்டாள், சூடாகத்தான் இருந்தது. இறங்கி நேரே தளபதியிடம் போனாள்.

தளபதி கடல் கடந்து எழுதிக் கேட்டார். அவரையும் எண் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் மனைவி கையெழுத்துப் போட வேண்டும் என்று பதில் வந்தது, கூடவே முப்பத்தொரு பக்கம். "படிக்க வேணாம்மா, எல்லாம் வழக்கமானதுதான்" என்று பேனாவை நீட்டினார். அவள் வாங்கிப்போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தாள். முழுவதும் படித்த முதல் ஆள் அவள்தான். கடிதம் வராத மாதம் என்ன ஆகும் என்பது பத்தொன்பதாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். வேறு என்ன செய்வாள்?

இப்போதெல்லாம் முதல் தேதி காலை, நாற்பத்தொன்றுக்குப் பிறகு நாற்பத்திரண்டு என்று தளபதி வாசித்ததும், முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கும் முற்றத்து பெஞ்சிலிருந்து ஸ்பானர் எழுந்து, மகளோடு பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார். கடிதம் தாமதமான மாதங்களில் அவர் பெஞ்சிலேயே இருப்பார். மழை வரும்போல இருந்தால் அவள் அவருக்கென்று தைத்த கித்தான் உறை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தி, கழுத்தருகே நாடாவைக் கட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள். அதைத் தைக்க அவளுக்கு அளவு எடுக்கத் தேவைப்படவில்லை.