ஓட்டிக் காட்டிய டிரையர்

ஒன்பது வாஷிங் மெஷின் இருக்கிற வீட்டில் ஒரு படுக்கை விரிப்பை அலச வழியில்லாமல் போகுமா என்று கேட்டால், போகும். கண்ணாடிக்காரர் வீட்டில் போயிற்று.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடைத்தெருவில் பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் ஆளே வேறு. காரை வெயிலிலும் மழையிலும் தெருவில் நிறுத்திவிட்டு, கார் நிற்க வேண்டிய கொட்டகையில் பழைய வாஷிங் மெஷின்களையும் துணி உலர்த்தும் டிரையர்களையும் வரிசையாக நிறுத்தியிருந்தார். மூடிப்போன விடுதி, இடிக்கப் போகும் வீடு, காயலான் கடை, எங்கே ஒரு துருப்பிடித்த டிரம் கிடந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். தூக்கிக்கொண்டு வந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பேரிங் மாற்றி, பெல்ட் மாட்டி, புதுப்பெண் மாதிரி ஆக்கிய பிறகு அதில் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைக்க விட மாட்டார்.

"இதெல்லாம் துவைக்கிறதுக்கு இல்ல" என்பார்.

"பின்ன எதுக்கு, கும்பிடுறதுக்கா?" என்பாள் மனைவி. தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள், வீட்டுத் துணியைச் சமையலறை மூலையில் கிடந்த சாதாரண மெஷினில்தான் போட்டு எடுத்தாள்.

கொட்டகையை ஒட்டிய அறையில் அவருடைய மாமனார் இருந்தார். மாமியார் போன பிறகு மகளோடு வந்துவிட்டவர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றாலும் இன்றைக்கும் காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டுதான் அறையை விட்டு வெளியே வருவார். சாப்பிட உட்கார்ந்தால் ரயில் கதைதான். அதில் ஒரு விஷயத்தில் அவருக்குத் தனிப் பெருமை. டிக்கெட் இல்லாத ஆளை அவர் ஒருநாளும் உட்கார்ந்த இடத்தில் வைத்துப் பிடித்ததில்லை.

"ஒரு நிமிஷம் இப்படி வர்றீங்களான்னு கதவுப் பக்கம் கூட்டிட்டுப் போயிடுவேன் மாப்பிள்ளை. அபராதம் அபராதம்தான், அதுல விட மாட்டேன். ஆனா அவன் பொண்டாட்டி பிள்ளைங்க பார்க்கிற மாதிரி எதுக்கு?"

கண்ணாடிக்காரர் இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். கேட்டு என்ன பிரயோஜனம், இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டார்.

ஒருநாள் மாலை, வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த தன் செல்ல மெஷினைத் துடைக்கப் போனவரின் விரலில் ஈரம் பட்டது. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் நனைந்திருந்தது. பவுடர் போடும் தட்டில் வெள்ளையாக ஒரு கோடு. சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"யாரோ என் கலெக்‌ஷன்ல கை வைக்கிறாங்க."

"உங்க மெஷினைத் தொடணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?" என்றாள் மனைவி.

"அப்போ பேய் வந்து துவைச்சுட்டுப் போகுதா?"

மாமனார் அன்றைக்கு ரயில் கதை எதுவும் சொல்லவில்லை. தட்டிலிருந்து தலையைத் தூக்கவுமில்லை.

விஷயம் இவ்வளவுதான். சில மாதங்களாகத் தூக்கத்தில் அவருக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. மருத்துவரிடம் போக வெட்கம். மகளிடம் சொல்ல அதைவிட வெட்கம். மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் உயிரையே விட்டுவிடலாம் என்று நினைத்தார். சமையலறை மெஷினில் போட்டால் வாசனையிலேயே மகளுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேறு. அதனால் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு, விரிப்பையும் பைஜாமாவையும் கொட்டகைக்குக் கொண்டுபோய், அந்த வட்டக் கதவு மெஷினில் போட்டு அலசி, அறைக்குப் பின்னால் காயவைத்து, மடித்து விரித்துவிடுவார். மெஷினைத் துடைத்துத்தான் வைத்தார். ரப்பர் வளையத்தின் மடிப்புக்குள் தண்ணீர் நிற்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே கண்ணாடிக்காரர் கொட்டகையில் இருந்த எல்லா மெஷினின் தண்ணீர்க் குழாய்களையும் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். திருடனின் கையை ஒடித்துவிட்ட திருப்தியோடு கடைக்குப் போனார். மாமனார் அதற்குப் பிறகு குளியலறையில் வாளி வைத்துக் கசக்கினார். பிழியத்தான் முடியவில்லை. நனைந்த விரிப்பு வயசான மணிக்கட்டுக்கு வளைந்து கொடுக்குமா?

இந்த நிலையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பழைய மெஷின் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதில் டிரம்காரர் வைத்ததுதான் சட்டம். ஒருகாலத்தில் ஒரு டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்ததால் அந்தப் பெயர். சங்கத்தின் கண்காட்சியில் எந்த மெஷின் நிற்கலாம் என்பதை அவர்தான் நேரில் வந்து, ஓடவிட்டுப் பார்த்துச் சொல்வார். கண்ணாடிக்காரரிடம் அப்போது ஒரு டிரையர் தயாராக இருந்தது. மூடிப்போன விடுதி ஒன்றிலிருந்து எடுத்தது; பீரோ மாதிரி உயரம், வெள்ளை எனாமல், இரும்புக் கதவு. அதைக் கண்காட்சியில் நிறுத்திவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. டிரம்காரரும் சங்கத்து ஆட்கள் சிலரும் காலையிலேயே வருவதாக இருந்தது.

அன்றைக்கும் மாமனாரின் விரிப்பு நனைந்திருந்தது. மகள் வீட்டில் இருந்தாள். துணியைச் சுருட்டிக்கொண்டு கொட்டகை வழியாகக் குளியலறைக்குப் போகப் பார்த்தார். எதிரே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மகள் வரும் சத்தம் கேட்டது. கைக்கு எட்டின கதவு டிரையர் கதவு. உள்ளே திணித்து மூடிவிட்டார். அவள் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அவள் போகும்போதே கண்ணாடிக்காரர் துடைக்கிற துணியோடு வந்து நின்றார். நின்றவர் அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

விருந்தாளிகள் வந்தார்கள். மாமனாருக்கு முன்வரிசையில் நடு நாற்காலி. மரியாதைக்குத்தான். அதுவும் டிரையரின் வெப்பக் காற்று வெளியே வரும் ஓட்டைக்கு நேர் எதிரே.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் இப்படி வர்றீங்களா?" என்றார் மாமனார், கதவுப் பக்கம் கையைக் காட்டி.

"இருங்க மாமா, முடிச்சுட்டு வர்றேன்."

"ஒரே நிமிஷம்தான்."

"மாமா, பெரியவங்க எல்லாம் காத்திருக்காங்க இல்ல?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, கண்ணாடிக்காரர் சுவிட்சைப் போட்டார்.

காலி டிரம் சுற்றினால் காதுக்கே தெரியக்கூடாது, அதுதான் பெருமை. இதுவோ டப், டப் என்று எதையோ தூக்கிப் போட்டு அடித்தது. டிரம்காரர் புருவத்தை உயர்த்தினார். கண்ணாடிக்காரர் டிரம் பக்கம் காதைச் சாய்த்தார். பேரிங் போச்சா? நேற்றுவரை பூனைபோல் ஓடிய டிரம் ஆயிற்றே! உள்ளே கம்பிச் சுருள் சூடேறியது. காற்று வந்தது. காற்றோடு வாசனையும் வந்தது.

"பெல்ட் கருகுது" என்றார் ஒல்லியான ஒரு சங்கத்துக்காரர்.

"பெல்ட் இப்படி வராது. மோட்டார் வார்னிஷ்" என்றார் பெயின்ட் கடை வைத்திருந்த இன்னொரு சங்கத்துக்காரர்.

டிரம்காரர் எழுந்து வந்து, ஓட்டைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து, கண்ணை மூடி இழுத்தார். டாக்டர் தோற்றார். "இது ரப்பரும் இல்ல, வார்னிஷும் இல்லையே. உப்பு மாதிரி, அமோனியா மாதிரி…" மூன்று பேரும் மாறி மாறி மூக்கை நீட்டி, வாசனைக்குப் பெயர் தேடினார்கள். அவர்களுக்கு ஓரடி தூரத்தில் மாமனார், கழுத்துப் பொத்தான் போட்ட சட்டையோடு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிக்காரர் சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்தார். ஈர விரிப்பும் பைஜாமாவும் ஆவி பறக்கச் சுருண்டு கிடந்தன. எல்லோரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள்.

அந்த நேரத்தில் அவர் கதவைச் சாத்தியிருக்கலாம். "ஏதோ பழைய துணி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி கொடுக்கிற மனிதருக்கு, அந்தக் கோடு போட்ட பைஜாமா யாருடையது என்றுகூடத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், டிரம்காரர் முன்னால் தன் மானம் கப்பலேறிவிட்டது என்பது ஒன்றுதான். வீட்டைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்ன, கத்தினார்.

அவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். டிரையருக்குள் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ரப்பர் வளையத்து ஈரம் உட்பட.

"நான்தான் போட்டேன். மறந்துட்டேன்" என்றாள்.

"மறந்துட்டியா? அறிவு இருக்கா உனக்கு? எத்தனை தடவை சொன்னேன், தொடாதே தொடாதேன்னு! அன்னிக்குக் கேட்டப்போ என்ன வாய் பேசினே? பொய் சொல்றதுக்கு வெட்கமா இல்ல? நாத்தம் பிடிச்ச துணியைக் கொண்டுவந்து, அதுவும் இன்னிக்குப் பார்த்து…"

"சரி, என் தப்புதான். விடுங்க."

"எப்படி விடறது? இவங்க எல்லாம் என்ன நினைப்பாங்க? குடும்பம் நடத்துற லட்சணமா இது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சங்கத்துக்காரர்கள் சுவரையும் கூரையையும் பார்த்தார்கள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமனார் எழுந்து நின்றிருந்தார்.

"அவளைத் திட்டாதீங்க மாப்பிள்ளை. அது என்னோட துணி. எனக்குத் தூக்கத்துல போயிடுது. அவளுக்குத் தெரியாது." டிக்கெட் கேட்கிற குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு டிரையருக்குள் கையை விட்டு, துணியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அறைக்குப் போனார். இஸ்திரிச் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்தது.

கண்ணாடிக்காரருக்குக் காலடியில் பூமி இல்லை. யாரோ அவருடைய தோளைத் தட்டினார்கள். "டிரையர் நல்லாத்தான் ஓடுது" என்றார் டிரம்காரர். அதைக் கேட்டதும் கண்ணாடிக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஏனென்றால் அந்த நேரத்திலும் அவர் மனசுக்குள் ஒரு மூலை சந்தோஷப்பட்டது.

அன்றைக்கே குழாய்களை எல்லாம் திரும்ப மாட்டினார். யார் கேட்டார்கள்? மாமனார் சாப்பாட்டை அறைக்கே கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் நாள், பரண் மேலிருந்த பெட்டியை இறக்கித் தரும்படி மகளிடம் கேட்டார். தன் தம்பி வீட்டுக்குப் போகிறாராம். மனைவி இந்தச் செய்தியைச் சொன்னபோது கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்தார். மாமனார் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒரு நிமிஷம் இப்படி வர்றீங்களா?"

சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தையைச் சொல்கிறோம் என்று உறைத்தது. மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வாசற்கதவு வரை வந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க மாமா. நீங்க போகக் கூடாது." குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

மாமனார் தெருவைப் பார்த்தபடி சொன்னார். "என் விஷயத்தை நானேதானே சொன்னேன். நீங்க என்ன பண்ணீங்க? அதை விடுங்க. அவளை நாலு பேர் முன்னாடி பேசினீங்க மாப்பிள்ளை. மன்னிப்பை மட்டும் கதவோரமாக் கூப்பிட்டுக் கேட்கிறீங்களே."

உள்ளே போய்ப் பழையபடி செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் மேசைக்கு வந்தார். கைப்பேசியை எடுத்து, டிரம்காரரின் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார். மணி அடித்தது. எடுக்காமல் இருக்க வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். தன்னுடைய லட்சணம் அவருக்கே தெரிந்தது.

டிரம்காரர் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க சார்! டிரையரைக் கண்காட்சிக்குக் கொண்டு வர்றீங்கதானே?"

"டிரையர் வரலைங்க. அன்னிக்கு உங்க எல்லார் முன்னாடியும் நான் என் மனைவியைக் கேவலமாப் பேசினேன்…"

"அட, அதைப் போய்!" டிரம்காரர் கடகடவென்று சிரித்தார். "நாங்க அன்னிக்கே மறந்துட்டோம் சார். வீட்டுக்கு வீடு வாசப்படி. நாங்க மட்டும் என்ன, எங்க வீட்டுல இதைவிடக் கேவலமாத் திட்டுவோம். பொம்பளைங்க அதையெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் செய்தித்தாளை இறக்கவில்லை. பக்கத்தைப் புரட்டவும் இல்லை. கண்ணாடிக்காரரின் முகம் காது வரை எரிந்தது. சிரித்து, ஆமாம் சார் என்று சொல்லி வைத்துவிட அவருக்கு வாய் வரைக்கும் வந்தது.

"இல்லைங்க" என்றார். "நான் இன்னும் சொல்லி முடிக்கல. கொஞ்சம் கேளுங்க."

மனைவி குழாயை மூடினாள்.