சக்கரவர்த்தி வாய் மூடாத மூன்று வருஷம்

மஸ்கட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த சக்கரவர்த்தி, 2022 சித்ரா பௌர்ணமி சாயங்காலம், அடி அண்ணாமலையில் இருந்த பெண்டாட்டி கன்னியம்மாளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது, நெட் நின்றதால் தானும் நின்றுபோனான். போனில் முகம் உறைவது ஊரறிந்த சங்கதி. இவனோ ஆளே உறைந்துவிட்டான். "கன்னி, பயப்படாத, நான்…" என்பதுவரை வந்தது. அப்புறம் திறந்த வாய் திறந்தபடியே. அங்கே அவன் கைக்கு இறங்கிய மருந்துச் சொட்டும் பாதியில் தொங்கியது. உடம்பில் சூடு இருந்தது, நாடிதான் உண்டென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. இங்கே அவன் முகத்தின்மேல் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சார்ஜ் போடாவிட்டாலும் அந்த போன் அணையவில்லை.

தப்பு அவளுடையதுதான். இருதய ஆபரேஷனுக்கு முந்தி, வியாழக்கிழமையே பேசிவிடலாம் என்றவனை, "பௌர்ணமி நல்ல நாளுங்க, அன்னிக்கே பேசலாம்" என்று தடுத்தவள் அவள். நல்ல நாள் அவளுக்கு மட்டுமா? லட்சக்கணக்கான ஜனம் மலைசுற்ற வந்து ஆளுக்கொரு போனைத் தூக்கினால், இருந்த ஒற்றை டவர் என்ன செய்யும், பாவம்!

ஊருக்கு நெட் கேபிள் வந்தால் மீதிப் பேச்சு வரும், ஆள் பிழைப்பான் என்று அவள் நம்பினாள். ரமணாசிரமம் பக்கத்துக் காபிக்கடைகளில் நெட் பறக்கிறதே என்று போனைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள், வாசற்படி தாண்டியதும் அவன் முகம் மங்கும், அலறிக்கொண்டு திரும்புவாள். கேபிள் வேலை எடுத்த கம்பெனியின் வேங்கிக்கால் ஆபீசுக்கு வாராவாரம் நடையாய் நடந்தாள். சுவர் மேப்பில் அவள் ஊர் பச்சையாக இருந்தது. "உங்க ஊருக்கு லைன் வந்துடுச்சேம்மா" என்றார் மேனேஜர். "அப்ப அந்தப் பச்சையிலேயே நாங்க குடியேறிக்கறதா?" என்று கத்தினாள். பள்ளம் தோண்டினார்கள், மழை மூடியது. மறுபடி தோண்டினார்கள், மறுபடி மூடியது. மாவட்டத்தில் வேலை முக்கால்வாசி முடிந்தது என்று பேப்பரில் போட்டார்கள்.

2025 ஆடியில் லைன்மேன் திருமலை கேபிளோடு வந்து நின்றார். அன்று காலைதான், ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துக்கொண்ட ஆம்பூர்க்கார நர்ஸ் ஷாஹீன் பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "அக்கா, அவர் அசைஞ்சா அந்த ஒரு மூச்சுதான்னு டாக்டர் சொல்றாரு. இப்படியே நின்னாத்தான் இருப்பாரு."

கன்னியம்மாள் கேபிள் முனையைப் பிடுங்கி மடியில் பொத்திக்கொண்டாள். "வேணாம். எடுத்துட்டுப் போயிடுங்க."

"இதுக்குத்தானேம்மா இத்தினி வருஷம் எங்க உயிர வாங்கினீங்க?" என்றார் திருமலை.

அவள் வீட்டைத் தாண்டித்தான் ஊருக்கும் லைன் போகவேண்டும். ஆனாலும் வாசலில் கூடியவர்கள் எந்த வாயால் கேட்பார்கள்? உச்சிப்பொழுதுவரை அவள் போனையே பார்த்திருந்தாள். பிறகு, "மூணு வருஷமா வாயத் திறந்தே வெச்சிருக்காரே, தாடை வலிக்காதா அந்த மனுசனுக்கு?" என்று முனையை நீட்டினாள்.

வட்டம் நின்றது. "…நாளைக்குச் சிக்னல் கெடச்சா கூப்புடறேன்" என்று முடித்துவிட்டு சக்கரவர்த்தி வாயை மூடினான்.

இதுக்கா, இந்த ஒரு பேச்சுக்கா என்று அவள் மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். பெற்ற வயிறு அழுவதுபோல் ஷாஹீனும் அங்கே அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் அவன் கூப்பிட்டான். யாரும் ஆச்சரியப்படவில்லை, லைன்தான் வந்துவிட்டதே. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், அவள் பேசி முடிக்கட்டும் என்று வெளியே காத்திருந்தார்கள்.