போலாம் ரைட்

"சுவர்ல இடிக்கும், தலைப்பக்கத்தைத் தூக்கிப் பிடிங்க!" என்று துப்புரவுக்கார அம்மா அதட்டினாள். சவப்பெட்டி இரண்டாவது மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு நின்றது. தூக்கியவர்கள் நாலு பேர். அதில் இறந்தவரின் மகளுக்குத் தெரிந்த முகம் அவள் கணவன் ஒருவன்தான். மற்ற மூன்றும் யாரோ, எவரோ.

அந்தக் கட்டடத்தில் ஒரு காலத்தில் ஒன்பது குடும்பம். ஆபீஸ்களெல்லாம் ஊருக்கு வெளியே போய்க் கடைத்தெரு ஈயடித்தபோது பாதிப் பேர் காலி செய்தார்கள். பிறகு சுற்றுலாக்காரர்கள் வந்து தெருவுக்கு உயிர் வந்தது. வீடுகளெல்லாம் நாள்வாடகை அறைகளாகி, மீதிப் பேரும் போனார்கள். அப்பா மட்டும் மூன்றாவது மாடியைவிட்டு அசையவில்லை. ரிட்டயரான பஸ் கண்டக்டர். பிடித்தால் ஒரே பிடிவாதம்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் போனில் அதே சண்டை.

"அக்கம்பக்கத்துல ஈ காக்கா கிடையாது. விழுந்து கிடந்தா யாருப்பா பாப்பாங்க? எங்ககூட வந்துடுங்க."

"ஏன், சூட்கேஸ்காரங்க இருக்காங்களே! நேத்துக்கூட எட்டுப் பேரு."

மனுஷர் சும்மா அளக்கிறார் என்றே நினைத்திருந்தாள். முந்தாநாள் தகவல் வந்ததிலிருந்து ஒரே கேள்விதான் அவளைக் குடைந்துகொண்டிருந்தது. தனியாகக் கிடந்தா போனார்? பதிலுக்குப் பயந்து இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.

"போலாம்... ரைட்," என்று ஒரு குரல். பின்பக்கம் தூக்கியிருந்த, நரைத்த கிராப்புத் தலை வெளிநாட்டுக்காரப் பெண்மணி. சவப்பெட்டி நகர்ந்து கீழே இறங்கியது.

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்தம்மாவுக்கு இது எப்படித் தெரியும்?"

"உங்கப்பா சொல்லிக் கொடுத்ததுதான்," என்றாள் துப்புரவுக்கார அம்மா. "இங்க லிப்ட் ஏது? வர்றவங்க சூட்கேஸை ஒரு பக்கம் இவரு பிடிச்சுக்குவாரு. திருப்பத்துக்குத் திருப்பம் நின்னு மூச்சு வாங்கிட்டு, போலாம் ரைட்டும்பாரு."

"சூட்கேஸ் தூக்கினாரா? டாக்டர் அத்தனை தடவை சொல்லியுமா?" சுள்ளென்று கோபம் வந்தது.

"சொன்னா கேக்கற ஆளா அவரு?" துப்புரவுக்கார அம்மாவின் குரல் தணிந்தது. "அன்னிக்கும் அந்தம்மாவோட சூட்கேஸ்தான். இந்தப் படியிலதான் உக்காந்தாரு. அந்தம்மா மடியில சாய்ச்சுக்கிட்டு, கடைசி வரைக்கும் கையை விடல. நான் ஓடி வந்தப்போ என்னைப் பாத்துக் கண்ணடிச்சாரும்மா, பாவி மனுஷன்! அவ்வளவுதான், போயிட்டாரு. நேத்தே ஊருக்குக் கிளம்ப வேண்டியவங்க, இதுக்காகத் தங்கிட்டாங்க."

மகள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் அப்பாடா என்றிருந்தது. ரெண்டு நாளுக்குப் பிறகு இப்போதுதான் மூச்சு முழுசாக உள்ளே போனது.

அடக்கம் முடிந்து சாயங்காலம் திரும்பியபோது தெருவில் கால் வைக்க இடமில்லை. ஐஸ்கிரீம் கடை வரிசை இவர்கள் வாசல்வரை நீண்டிருந்தது. உள்ளே, படிக்கட்டின் அடியில் ஒரு இளம் ஜோடி, ஆளுயரச் சூட்கேஸை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றது.

"மூணாவது மாடியா?" என்று மூன்று விரலைக் காட்டி மகள் கேட்டாள். தலையாட்டினார்கள்.

கைப்பையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, குனிந்து சூட்கேஸின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். நல்ல கனம். முதல் திருப்பத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். அந்தப் பையன் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"போலாம் ரைட்," என்றாள்.